அக்காவுக்கு முதல் ரவுண்டு

எனக்கு டயர் பற்றித் தெரியும் என்பது என் தம்பிக்கு முப்பது வருடம் கழித்து ஞாபகம் வந்திருக்கிறது. போன வாரம் போன் செய்தான். கள்ளக்குறிச்சியில் அவன் வீட்டுக் கொட்டகையில் படுதா போர்த்திக் கிடக்கிற பழைய இரண்டு சீட்டுக் காரை அவன் மகன் தூசி தட்டி வெளியே எடுத்திருக்கிறானாம். சென்னைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய கார் வைத்திருப்பவர்கள் கூடுகிறார்களாம். மைதானத்தில் கூம்புகளை வைத்து, அவற்றுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட்டி, யார் சீக்கிரம் முடிக்கிறார்கள் என்று பார்க்கிறார்களாம். பெரிய ரேஸ் இல்லை, சும்மா ஒரு ஆசைக்கு.

"அக்கா, அதுக்கு இன்னா டயர் போட்டா நல்லா இருக்கும்? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றான்.

உனக்குத்தான் தெரியும்! இந்த ஒரு வார்த்தைக்காக அந்தக் காலத்தில் நான் எப்படி ஏங்கினேன். இப்போது வந்து வயிறு எரிந்ததுதான் மிச்சம். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு போனை வைத்தேன். டயரைப் பற்றி யோசிக்க எனக்கு ஒன்றுமில்லை, அது விரல் நுனியில் இருக்கிறது. நான் யோசித்தது வேறு விஷயம்.

அந்தக் கார் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு சர்க்கரை ஆலை அதிகாரியிடமிருந்து. மாற்றலாகிப் போகும்போது இதை எங்கே இழுத்துக்கொண்டு போவது என்று அப்பாவின் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெள்ளைக்காரன் ஊரில் செய்த கார். மேலே துணிக் கூரை, கூப்பிடு தூரத்துக்குக் கேட்கிற சத்தம், தரையோடு தரையாக உட்கார வேண்டிய சீட். கூடவே மாற்றிப் போட ஒரு செட் ரிம்மும் கொடுத்தார். அப்பா கல்வராயன் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றி இறக்குகிற லாரி வைத்திருந்தார். லாரிக்காரருக்கு இந்த வண்டி எதற்கு என்று ஊரே கேட்டது. அப்பாவுக்கு ஊர் கேட்பது பிடிக்கும்.

எனக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அப்பாதான். பாசத்தில் ஒன்றுமில்லை. டிரைவர் வராத நாளில் கிழங்குக் கொல்லைக்கு ஜீப்பில் சோறு கொண்டுபோக ஆள் வேண்டும். தம்பி அப்போது சிறியவன், நான் ஓட்டினேன். பிறகு அவனும் ஓட்டினான். "எம்பொண்ணு லாரியே ஓட்டும்" என்று டீக்கடையில் பெருமை அடித்துக்கொள்வார். அந்தப் பெருமை எல்லாம் வீட்டு வாசல்வரைதான் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் காலேஜ் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எனக்குச் சங்கராபுரம் பக்கம் மாப்பிள்ளை பார்த்து முடித்திருந்தார்கள். சேலத்திலிருந்து கார்ப் பைத்தியம் பிடித்த சில பேர் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். உளுந்தூர்பேட்டையில் வெள்ளைக்காரன் காலத்து விமான ஓடுதளம் ஒன்று பாழாய்க் கிடக்கிறது. சுற்று ஊர்க்காரர்கள் அதில் கம்பும் வேர்க்கடலையும் காயப்போடுவார்கள். பொங்கல் கழிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே காலி தார் டிரம்களை நிறுத்தி வளைத்து ஓட்டப் போகிறோம், நீங்களும் வாருங்கள் என்றார்கள். டிரம்மில் இடித்தால் நேரத்தோடு சில வினாடி கூட்டிவிடுவார்கள். அவ்வளவுதான் விதி.

வந்தவர்கள் எதிரில் அப்பாவுக்குத் தாராளம் பொங்கிவிட்டது.

"எம்புள்ளைங்க ரெண்டு பேரும் ஓட்டட்டும். ஆளுக்கு ஒரு ரவுண்டு. யார் நேரம் கம்மியோ, வண்டி அவங்களுக்கு. பொண்ணு ஜெயிச்சா மாமியார் வூட்டுக்கு அதுலயே ஓட்டிக்கினு போவட்டும்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. நிலம் தம்பிக்கு, லாரி தம்பிக்கு, வீடு தம்பிக்கு. அதை யாரும் சொல்லக்கூட வேண்டியதில்லை, மழை மேலிருந்து பெய்யும் என்பதைப் போல எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எனக்கென்று போட்ட நகையும் மாப்பிள்ளை வீட்டார் கண்ணுக்குத்தான். இந்தக் கார் ஒன்று மட்டும் நான் ஓட்டிச் சம்பாதித்தால் எனக்கு. என் கையால். எனக்கு அது வேண்டும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு வேறு எதுவும் அந்த அளவுக்கு வேண்டியிருந்ததில்லை.

வண்டியில் இருந்த டயர்கள் காய்ந்து வெடித்துக் கிடந்தன. டயர் நான் பார்க்கிறேன் என்றேன். அப்பா சிரித்தார். எங்கள் வீட்டில் டயர் என்றால் ஒரே வேதம்தான்: பட்டன் ஆழமாக இருக்க வேண்டும். டயரின் மேல் கட்டைகட்டையாக வெட்டு விழுந்திருக்கிறதே, அதைத்தான் பட்டன் என்பார்கள். கிழங்கு லோடோடு மழையில் மலைச் சேற்றில் ஏறி இறங்குகிற லாரிக்கு அது உயிர். அதற்காகக் காய்ந்த சிமெண்டில் ஓடப்போகிற சின்ன காருக்கும் அதுவேதானா? அப்பாவைப் பொறுத்தவரை ஆமாம். ரீட்ரெட் போட்டு வாங்கு, புது பட்டன் கிடைக்கும், விலையும் சல்லிசு என்றார். தேய்ந்த டயருக்கு மேலே புது ரப்பர் பட்டை ஒட்டுகிற சமாச்சாரம் அது. நேரே ஓடுகிற வண்டிக்குச் சரி. வெடுக்கென்று திருப்பினால் ஒட்டிய பட்டை உரிந்து கையோடு வரும். சொன்னேன். "லாரி ஓட்டறது நானா நீயா?" என்றார்.

தம்பி புது நைலான் டயர் கேட்டான். கறுப்பாக, பட்டன் பட்டனாக, பார்க்க ஜம்மென்று இருந்தது. அதையும் ஒரு செட் அப்பா வாங்கிக் கொடுத்தார். அவன் கேட்டு இல்லை என்று சொன்ன வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது.

நான் உளுந்தூர்பேட்டை கூட்டு ரோட்டுக்குப் போனேன். திருச்சி ரோட்டில் பழைய டயர் கடைகள் வரிசையாக இருக்கும். வாடகைக் கார்களில் போடுகிற அளவுதான் எங்கள் வண்டிக்கும் என்பதால் பொறுக்கி எடுக்க நிறைய கிடந்தன. வெயிலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா, உள்ளே கை விட்டால் ஒட்டுப் போட்ட தடம் தட்டுகிறதா என்று பார்த்தேன். நகத்தை அழுத்தினால் ரப்பர் கொஞ்சம் உள்வாங்கி மெல்ல எழும்ப வேண்டும். கல் மாதிரி இருந்தால் தள்ளிவிட வேண்டும். கடைசியில் பாதி தேய்ந்த ரேடியல் டயர் நாலு, ஒரே மாதிரி தேய்ந்தவை, எடுத்தேன். பட்டன் குட்டையாக இருந்தால் திருப்பத்தில் அது நெளியாது, தரையை அப்படியே பிடிக்கும்.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா, ஊர் உலகம் பட்டன் இருக்கறதாப் பாத்து வாங்குது. நீ தேஞ்சதா தேடிக்கினு இருக்கியே!"

வீட்டில் அதற்கு மேல். "மொட்டை டயர் வாங்கிக்கினு வந்திருக்கா" என்று தம்பி தெருவையே கூப்பிட்டுக் காட்டினான். ரேடியல் டயர் தரையில் கொஞ்சம் பிதுங்கித்தான் உட்காரும், அதன் வாகு அது. காற்று கம்மி என்று போகிற வருகிறவனெல்லாம் உதைத்துப் பார்த்தான். ஒருநாள் லாரி டிரைவர் உபகாரமாகக் காற்றைக் கல் போல ஏற்றி வைத்துவிட்டார். நான் கத்திய கத்தலில் அதற்குப் பிறகு யாரும் அந்த டயர்களின் பக்கம் வரவில்லை.

இரண்டு செட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு மலை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற வளைவுகளில். முதலில் நான், பிறகு அவன், பக்கத்து சீட்டில் மற்றவர். நைலான் டயர் ஒவ்வொரு வளைவிலும் கத்தியது, பின்பக்கம் நழுவியது. என் மொட்டை டயர் சத்தமே போடாமல் வளைந்தது. மறுநாள் தம்பி தன் புது டயரைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். "ரெண்டு பேரும் உன்னோடதுலயே ஓட்டலாம்க்கா" என்றான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, பைத்தியக்காரிக்கு.

மலையிலிருந்து இறங்கும்போதுதான் அது நடந்தது. முன்னால் போன கிழங்கு லாரி ஒன்று ஒரு வளைவு முழுக்க டீசலை ஒழுகவிட்டுப் போயிருந்தது. தம்பி ஓட்டிக்கொண்டிருந்தான். வண்டி அப்படியே வெண்ணெய் மேல் போவதுபோல் போய் ஓரத்துக் கல்லில் முட்டுகிற மாதிரி நின்றது. அவன் முகம் வெளுத்துவிட்டது. வெளியே குதித்து, "நல்ல டயருன்னியே, இன்னாக்கா ஆச்சு?" என்றான். நான்தான் அவனை உட்காரவைத்துச் சொன்னேன். எந்த டயராக இருந்தாலும் எண்ணெய் பட்டால் ரப்பர் ரோட்டை விட்டுவிடும். மெதுவாகப் போனால் தெரியாது, திருப்பும்போதுதான் காட்டிக்கொடுக்கும். கொஞ்ச தூரம் தரையில் தேய்ந்தால் தானே போய்விடும், பிறகு பழையபடி பிடிக்கும். ஒரு வாத்தியார் சொல்வதுபோல் அக்கறையாகச் சொன்னேன். அவன் அக்கறையாகக் கேட்டுக்கொண்டான்.

போட்டி அன்று என் டயர்களை ரிம்மோடு லாரியில் ஏற்றினோம். காரைத் தம்பியின் நைலான் டயரில் ஓட்டிக்கொண்டு போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. வழியில் வீணாகத் தேய வேண்டாம் என்று. அம்மாவும் லாரியில் ஏறிக்கொண்டாள். எலுமிச்சம்பழம், சூடம், பூசணிக்காய், மஞ்சள், குங்குமம் எல்லாம் ஒரு கூடையில். எங்கள் வீட்டில் எந்தச் சக்கரமும் அம்மாவின் சூடத்தைப் பார்க்காமல் உருண்டதில்லை.

ஓடுதளத்தில் ஒரு ஓரத்தில் கடலை காய்ந்துகொண்டிருந்தது. மறு ஓரத்தில் டிரம்களை நிறுத்தியிருந்தார்கள். சிமெண்டு சொரசொரவென்று இருந்தது. என் டயருக்கென்றே போட்ட தரை என்று நினைத்துக்கொண்டேன். எந்த டிரம்மை எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று முதலில் நடந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நான் நடந்தேன். திரும்பி வரும்போது என் டயர்கள் நாலையும் மாட்டியிருந்தார்கள். வண்டி பளபளவென்று நின்றது. அம்மா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். விளக்கெண்ணெய் வாசம் வந்தது. அம்மாவின் கையில் எப்போதும் அந்த வாசம் இருக்கும், முட்டிவலிக்கு அதைத்தான் தேய்த்துக்கொள்வாள். எனக்கு எதுவும் தோன்றவில்லை.

"யார் முதல்ல?" என்று கேட்டார்கள்.

தம்பி முன்னால் வந்து நின்றான். "அக்காதான் முதல்ல. டயர் அவங்க பாத்தது. மரியாதை அவங்களுக்குத்தான்" என்றான். சேலத்துக்காரர்கள் தம்பி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இதையும் எழுதித் தொலைக்கிறேன், நிஜமாகவே தண்ணீர் வந்தது.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கொடி இறங்கியது. முதல் டிரம் வரை நேர் ரோடு, வண்டி பறந்தது. நான் ஸ்டியரிங்கைத் திருப்பினேன், வண்டி திரும்பவில்லை. முன்சக்கரம் என் பேச்சைக் கேட்காமல் நேரே போய் டிரம்மில் இடித்தது. அடுத்ததில் பின்பக்கம் ஒரேயடியாக வீசி, நான் ஒரு முழு வட்டம் சுற்றி வந்த திசையையே பார்த்து நின்றேன். கூட்டம் ஓவென்று சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பி ஓட்டினேன். டிரம் டிரம்மாகச் சுற்றச் சுற்ற வண்டி கொஞ்சம் கொஞ்சமாக எனக்கு அடங்கியது. கடைசி வளைவில் நான் நினைத்த இடத்தில் நினைத்தபடி திரும்பியது. அதற்குள் ரவுண்டு முடிந்துவிட்டது.

இறங்கியதும் டயரைத்தான் தொட்டேன். பட்டனுக்கு இடையில் சிமெண்டுப் புழுதி பசைபோல் அப்பியிருந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனேன். விளக்கெண்ணெய். லாரிக்கு ஆயுத பூஜையன்று செய்கிற வேலை. டயர் கறுப்பாக மின்ன வேண்டும் என்று துணியில் எண்ணெய் தொட்டுத் தேய்ப்பார்கள். லாரி மறுநாள் மெதுவாக ஊர்ந்து போகும், ஒன்றும் ஆகாது. நிமிர்ந்து பார்த்தேன். அம்மா சூடத்தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். "திருஷ்டி பட்டுடுச்சுடி கண்ணு, எல்லார் கண்ணும் உம்மேலதான்" என்று அழுதாள். எண்ணெய் என்று அத்தனை பேர் நடுவில் சொன்னால் அப்பா அங்கேயே அவளை என்ன பேச்சுப் பேசியிருப்பார் என்று எனக்குத் தெரியும். விரலைப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"அப்பா, இன்னும் ஒரே ஒரு தடவ ஓட்டறேன்" என்றேன்.

"ஆளுக்கு ஒரு ரவுண்டுதான் பேச்சு. எறங்கு" என்றார்.

தம்பி ஏறினான். என் டயர், நான் தேய்த்துச் சுத்தமாக்கிக் கொடுத்த டயர், ஒரு இடத்திலும் நழுவவில்லை. ஒரு டிரம்மிலும் படாமல் வந்து நின்றான். அந்தக் கூட்டத்தில் அவன் நேரம்தான் எல்லாரையும்விடக் கம்மி. அவனைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். "ஓட்டறவன் ஓட்னா மொட்டை டயரும் ஓடும் பாத்தியா" என்று யாரோ அப்பாவிடம் சொன்னது என் காதுபடத்தான்.

திரும்பும்போது லாரியில் என்னைத் தேற்றுகிறேன் பேர்வழி என்று அப்பா சொன்னார்: "வுடு. நீ ஜெயிச்சிருந்தா வண்டி வேற வூட்டுக்குப் போயிருக்கும். இப்ப நம்ம வூட்லயே இருக்குதில்ல." அப்படியென்றால் நான் எந்த வீட்டைச் சேர்ந்தவள் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும்.

அன்றிலிருந்து சொந்தக்காரர்களுக்கு நான் பம்பரம். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எங்கே போனாலும், "சுத்துனா பாரு ஒரு சுத்து!" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். கல்யாணமாகிச் சங்கராபுரம் போனேன், பஸ்ஸில் போனேன். என் வீட்டுக்காரர் பைக் வாங்கினார், பிறகு கார் வாங்கினார். அந்தக் கதை அவர் காதுக்கும் போயிருந்தது. சாவியை ஒருநாளும் என் கையில் கொடுத்ததில்லை. நானும் கேட்கவில்லை. அம்மாவின் எண்ணெயை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்துக்கொண்டேன். தெரியாமல் செய்தாள், பாசத்தில் செய்தாள், போகட்டும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மா கடைசியாகப் படுத்த படுக்கையாக இருந்தபோது நான்தான் பக்கத்தில் இருந்தேன். முட்டிக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வாசத்தில் அவளுக்கு என்னவோ ஞாபகம் வந்தது.

"உந்தம்பிக்கு உம்மேல எவ்ளோ பாசம் தெரியுமாடி? அன்னிக்கு உளுந்தூர்பேட்டைல டயருக்கு நான் எண்ணெ தேச்சேன் பாரு, அவந்தான் பக்கத்துல கிண்ணத்தப் புடிச்சுக்கினு நின்னான். நான் சைடுல மட்டும் தேச்சுட்டு எழுந்துட்டேன். 'தரையில படற எடத்துலயும் நல்லாத் தேயிம்மா, அக்கா வண்டி சுத்தி மின்னணும்'னான். அவனே துணிய வாங்கி நாலு சக்கரத்துக்கும் தேச்சான். நாந்தான் குடுத்து வெக்கல, என் கண்ணே பட்டுடுச்சு போல."

என் கை அவள் முட்டியிலேயே நின்றுவிட்டது. மலை வளைவில் அவனை உட்காரவைத்து நான் பாடம் சொன்னதும், அவன் தலையாட்டிக் கேட்டதும், அக்காதான் முதல்ல என்றதும் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. அடப்பாவி! சண்டாளா! என் வாயால் கற்றுக்கொண்டு, என் அம்மா கையால் பூசி, என்னையே முதலில் ஓடவிட்டுத் துடைத்துக்கொண்டாயே. எனக்கு அலற வேண்டும்போல் இருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். "ஆமாம்மா, பாசந்தான்" என்று சொல்லிவிட்டு மீதி எண்ணெயைத் தேய்த்தேன்.

அவள் போய்ச் சில வருடமாகிறது. நான் தம்பியிடம் எதையும் கேட்கவில்லை. நல்லது கெட்டதில் பார்த்துக்கொள்வோம், சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொள்வோம். பம்பரம் கதையை அவன் இன்னும் சொல்லிச் சிரிப்பான். நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

நேற்று அவனே மறுபடி போன் செய்தான்.

"இன்னாக்கா, டயர் சொல்றேன்னியே. பையன் தொந்தரவு பண்ணிக்கினே கீறான்."

"எந்த டயர் வேணா போடு" என்றேன். "ஆனா உம்புள்ள ஓட்டறதுக்கு முன்னாடி வேற யாரையாவது முதல் ரவுண்டு ஓட்டச் சொல்லு. எண்ணெ இருந்தா போயிடும்."

அவன் வீட்டு டிவி சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிட்டானோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகக் கேட்டான்.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

முப்பது வருடத்துக்கு அப்புறம் அவன் கேட்க நினைத்தது அது ஒன்றுதான்.

"தெரியாது. சாவற வரைக்கும் உன் பாசத்தப் பத்தித்தான் பேசினாங்க" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.